மழை வந்தா ஓடையில கழிவைத் திறந்து விடுறாங்க: யாருக்கு, எப்படிப் புகார் எழுதணும்?

ஓடைக்காடு:

வணக்கம். காவேரிப்பட்டணம் பக்கம் எங்க ஊர். நிலத்தோட ஒரு ஓரம் முழுக்க ஓடை. வருஷத்துல முக்கால்வாசி நாள் மணலும் கருவேலமும்தான் தெரியும். மழை பெஞ்சா தண்ணி வந்து தென்பெண்ணையில சேரும். அந்த ஓடைக்கு மேல்பக்கம் ஒரு மாங்கூழ் ஆலை இருக்கு. பேரை இங்க எழுத விரும்பல.

பெங்களூரா மாங்காய் வர ஆரம்பிச்சதும் ஆலை ராத்திரி பகலா ஓடும். சாதாரண நாள்ல ஓடைப் பக்கம் ஒண்ணும் தெரியாது. சாயங்காலம் மேகம் கட்டி மழை இறங்குனா போதும், மதில் சுவருக்கு அடியில இருக்கிற மழைநீர்க் குழாய்ல மஞ்சளும் சாம்பலும் கலந்த தண்ணி வருது. எங்க ஊர் மழைத்தண்ணி செம்மண் நிறத்துல வரும், பார்த்தாலே தெரியும். இது நுரையோட, புளிச்ச வாசத்தோட வருது. ரெண்டு நாள் வெயில் அடிச்சா குழியில நின்ன தண்ணி கறுத்துப் போயி, பக்கத்துல நிக்க முடியாது. மாடு மோந்து பார்த்துட்டுத் திரும்பிடுது. ஓடையில இருந்த ஜிலேபி மீன் குஞ்செல்லாம் மேல மிதந்துச்சு. ஓடையை ஒட்டின எங்க கிணத்துத் தண்ணியில இப்ப ஒரு நாத்தம் வருது. மல்லி பறிக்க வர்றவங்க கால் அரிக்குதுன்னு சொல்றாங்க.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள்ல மனு கொடுத்தேன். மனு ஏதோ ஒரு அலுவலகத்துக்குப் போயி, "நேரில் பார்வையிட்டதில் ஓடையில் கழிவுநீர் ஏதும் காணப்படவில்லை" அப்படின்னு பதில் வந்துச்சு. அவங்க வந்து பார்த்தது மழையே இல்லாத ஒரு மத்தியான நேரம். அந்தக் கடிதத்தைப் படிச்சப்ப ரொம்ப ஆத்திரம் வந்துச்சு.

ஊர்ல கையெழுத்துப் போட ஆள் வரல. பாதி வீட்டுப் பொம்பளைங்க சீசனுக்கு அங்கதான் வேலைக்குப் போறாங்க. எங்க சித்தப்பாவே அங்கதான் காய் போடுறார். அவங்க மேல எனக்குக் கோபம் இல்லை.

தெரிஞ்சவங்க சொல்லுங்க. யாருக்கு எழுதினா வேலை நடக்கும்? நான் பாட்டில்ல பிடிச்சு வெச்சிருக்கிற தண்ணி சாட்சியா செல்லுமா? "வறண்ட ஓடைக்கெல்லாம் சட்டம் கிடையாது"ன்னு ஆலைப் பக்கத்து ஆள் ஒருத்தர் சொன்னார், அது உண்மையா?

பர்கூர்வாசி:

1100-க்கு போன் போடுங்க அக்கா. முதல்வரின் முகவரி. மனு எண் கொடுப்பாங்க, அதை வெச்சு என்ன ஆச்சுன்னு பின்னாடி கேட்கலாம். மாசாமாசம் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்குது, அதுலயும் எழுந்து சொல்லுங்க. அங்க எல்லாத் துறை அதிகாரிகளும் ஒரே ஹால்ல உட்கார்ந்திருப்பாங்க.

ஓடைக்காடு:

நன்றி தம்பி. 1100-ல பேசினேன், பதிஞ்சிருக்காங்க. அதுவும் சுத்திச் சுத்தி அதே அலுவலகத்துக்கே போயிடுமோன்னு பயமா இருக்கு.

ஓய்வு_ஆய்வகம்_தருமபுரி:

அம்மா, நான் தண்ணீர்ப் பரிசோதனை ஆய்வகத்துல வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்க அரூர் பக்கம் ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரியோட மாவுத்தண்ணி ஏரிக் கால்வாய்க்குள்ள வந்தப்ப ஊர்க்காரங்களோட கூட இருந்து எழுதினேன். அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

முதல்ல அந்த "வறண்ட ஓடை" பேச்சு. தப்பு. 1974-ம் வருஷத்து நீர் மாசு தடுப்புச் சட்டத்துல நீரோட்டம்னா என்னன்னு 2-ம் பிரிவு சொல்லுது. ஆறு, நீர்வழி, நிலத்தடி நீர் எல்லாமே அதுல அடக்கம். நீர்வழின்னா தண்ணி ஓடிட்டு இருந்தாலும் சரி, இப்போதைக்குக் காய்ஞ்சு கிடந்தாலும் சரின்னே எழுதியிருக்கு. நம்ம மாவட்டங்கள்ல ஓடை எல்லாமே வருஷத்துல பாதி காய்ஞ்சுதான் கிடக்கும். அந்த வார்த்தை நமக்காகவே எழுதின மாதிரி இருக்கு. 24-ம் பிரிவு, அப்படிப்பட்ட நீர்வழியிலயோ கிணத்துலயோ சாக்கடையிலயோ நிலத்துலயோ மாசுப் பொருளைத் தெரிஞ்சே விடக்கூடாதுன்னு சொல்லுது. இந்த ரெண்டு பிரிவையும் மனுவுல எழுதிடுங்க.

அடுத்தது உங்க பாட்டில். அதைத் தூக்கிப் போட வேண்டாம், ஆனா அதை நம்பியும் இருக்காதீங்க. சட்டப்படி செல்லுற தண்ணி மாதிரியை (சாம்பிளை) எடுக்கிற அதிகாரம் மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்குத்தான். 21-ம் பிரிவுல அதுக்கு ஒரு முறை இருக்கு. ஆலைக்காரருக்கு அந்த இடத்துலயே நோட்டீஸ் கொடுக்கணும், அவர் முன்னாடி மாதிரியை ரெண்டாப் பிரிக்கணும், ரெண்டுக்கும் சீல் வெச்சுக் கையெழுத்து வாங்கணும். இந்த முறையில ஒண்ணு தவறினாலும் ஆய்வு முடிவு வழக்குல நிக்காது. நாம பெப்சி பாட்டில்ல பிடிச்சு வெச்ச தண்ணிக்கு அந்த மதிப்பு எப்படி வரும்? அதுவும் பழக்கழிவு பாட்டிலுக்குள்ளயே புளிச்சு மாறிட்டே இருக்கும். ஐஸ்ல வெச்சு அன்னைக்கே ஆய்வகத்துக்குப் போகாத மாதிரியில, கழிவோட அளவைக் காட்டுற பிஓடி பார்க்கிறது வீண்.

அதனால உங்க வேலை தண்ணி பிடிக்கிறது இல்லை. தண்ணி வர்ற நேரத்துக்கு அதிகாரியை அங்க கொண்டு வந்து நிறுத்துறதுதான். மனுவுல நீங்க கேட்க வேண்டியதும் அது ஒண்ணுதான். "நடவடிக்கை எடுக்கவும்"னு பொதுவா எழுதினா, பொதுவான பதில்தான் வரும். மழை இல்லாத மத்தியானத்துல வந்து பார்த்துட்டு ஒண்ணும் இல்லைன்னு எழுதுறதுக்கு நீங்களே வழி விட்ட மாதிரி ஆயிடும்.

எப்படிக் கொண்டு வர்றது? இனி மழை பெய்யுற ஒவ்வொரு தடவையும் ஒரு நோட்டுல எழுதுங்க. தேதி, மழை எப்ப ஆரம்பிச்சது, குழாய்ல நிறம் மாறுனது எத்தனை மணிக்கு, எப்ப நின்னது, வாசம் எப்படி. செல்போன்ல இடமும் நேரமும் படத்துலயே பதியுற கேமரா செயலி இருக்கு, அதுல குழாய் வாயும் மதில் சுவரும் ஒரே படத்துல வர்ற மாதிரி எடுங்க. தண்ணியை மட்டும் கிட்டப் போயி எடுத்தா அது எந்த ஊர்த் தண்ணின்னு யாருக்கும் தெரியாது. வீடியோவுல ஓடையோட மேல்பக்கத்துல ஆரம்பிச்சு, குழாய் வாய், அப்புறம் கீழ்ப்பக்கம்னு ஒரே ஓட்டமா எடுங்க. மேல செம்மண் தண்ணி, குழாய்க்குக் கீழே சாம்பல் தண்ணி. அந்த ஒரு வீடியோ பத்துப் பக்க மனுவுக்குச் சமம். பொது இடத்துல, ஓடைக்கரையில நின்னு எடுங்க. ஆலை வளாகத்துக்குள்ள கால் வைக்காதீங்க. ராத்திரி தனியா போகாதீங்க.

தண்ணியில கையும் வைக்காதீங்க. பழச்சாறு கலந்த தண்ணி புளிப்பு. மெஷினும் குழாயும் கழுவ காஸ்டிக் சோடா போடுவாங்க, அந்தத் தண்ணி காரம், தோலை அரிச்சிடும். பறிக்க வர்றவங்க கால் அரிக்குதுன்னு சொன்னீங்களே, அவங்களை ஓடையில இறங்க விடாதீங்க. ஒரே நாள்ல காலையில புளிப்பும் ராத்திரி காரமுமா மாறி வந்தா, அதுக்குக் காரணம் இதுதான். பிஎச் (புளிப்பா காரமாங்கிற அளவு) பார்க்கிற தாள் ஆய்வகப் பொருள் விக்கிற கடையில கிடைக்கும். அது சாட்சி ஆகாது, ஆனா எந்த நேரத்துல என்ன வருதுன்னு உங்களுக்கே பிடிபடும். வெளியே ஓடை, ஆறுன்னு விடுற தண்ணிக்குப் பொது அளவு பிஎச் 5.5 முதல் 9 வரை, பிஓடி லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்குள்ள. பிஓடின்னா தண்ணியில இருக்கிற கழிவைத் தின்னு செரிக்க நுண்ணுயிருங்க எவ்வளவு ஆக்சிஜனை இழுக்கும்ங்கிற கணக்கு. மாங்கூழ்ல இருக்கிறது சர்க்கரை. அதை நுண்ணுயிர் விடாது. இருக்கிற ஆக்சிஜனையெல்லாம் இழுத்துடும், உங்க ஜிலேபி மிதந்தது அதனாலதான், தண்ணி கறுக்கிறதும் நாறுறதும் அதனாலதான்.

மழையில திறந்து விடுறதுக்கும் காரணம் இருக்கு. மழைவெள்ளம் கலந்தா நிறம் மங்கும், அளவும் குறைச்சுக் காட்டும். ஆனா சட்டம் பார்க்கிறது குழாய் வாயில என்ன வருதுங்கிறதை. ஓடையில கலந்த பின்னாடி நாலு பர்லாங் தள்ளி எடுத்த மாதிரியில அளவு குறைவா இருந்தா அது ஆலையைக் காப்பாத்தக் கூடாது. மனுவுல "வெளியேற்றுக் குழாயின் வாயிலும், அதற்கு மேலும், கீழும் மாதிரி எடுக்க வேண்டும்"னு தெளிவா எழுதுங்க. இந்த ஒரு வரியை விட்டுடாதீங்கம்மா.

யாருக்கு எழுதுறதுன்னா, கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு மாசு கட்டுப்பாட்டு வாரிய அலுவலகம் ஓசூர்ல, சிப்காட்ல இருக்கு. மாவட்ட சுற்றுச்சூழல் பொறியாளர். அவருக்கு நேரடியா, ஒப்புகையோட ஸ்பீட் போஸ்ட்ல. நகல் கலெக்டருக்கு. திங்கட்கிழமை மனு அங்க இங்க அலையுறது, "ஓடை"ன்னு தலைப்பு இருக்கிறதால ஓடையைப் பார்க்கிற துறைக்குப் போயிடுறதாலயும் இருக்கலாம். தலைப்பையே மாத்துங்க. "ஓடையில் அடைப்பு", "ஓடையில் நாற்றம்"னு வேண்டாம். "தொழிற்சாலைக் கழிவுநீரை மழைநீர் வடிகால் வழியாக வெளியேற்றுதல்". அப்ப அது எந்த மேஜைக்குப் போகணும்னு பிரிக்கிறவருக்கே தெரியும்.

இன்னொண்ணு. ஓடை பதிவேட்டுல ஓடையாவே இருக்கான்னு பாருங்க. அரசோட நில ஆவண இணையதளத்துல அ-பதிவேடும் புலப்படமும் கிடைக்கும், இல்லேன்னா விஏஓகிட்ட கேளுங்க. "ஓடை புறம்போக்கு", சர்வே எண் இன்னதுன்னு எழுதினா, "அது அவங்க பட்டா நிலத்துக் கால்வாய்"னு யாரும் கதை சொல்ல முடியாது.

மாந்தோப்பு_போச்சம்பள்ளி:

ஐயா சொல்றதெல்லாம் சரி. ஆனா இந்தத் தோட்டக்காரன் பக்கமும் கேளுங்க. பெங்களூரா காயை வீட்டுக்குன்னு வாங்கித் திங்கிறது கொஞ்சம்தான். கூழ் ஆலை எடுக்கலைன்னா மரத்தடியிலயே கொட்டணும். விலை விழுந்த வருஷம் பறிப்புக் கூலிக்குக் கூட வராம காயை ரோட்டோரம் கொட்டிட்டுப் போனவங்களை நான் பார்த்திருக்கேன். சீசன் நடுவுல வாரியம் வந்து ஆலைக்குக் கரண்டை வெட்டிட்டா, லாரியில ஏத்தின காய் என்ன ஆகும்? ஆலை வேற ஒருத்தனோடது, ஆனா நட்டம் எங்களுக்கு. அந்த அக்கா கிணறு கெட்டுப் போகட்டும்னு நான் சொல்லல. நாங்க ரெண்டு பேருமே விவசாயிங்க. புகார் எழுதும்போது இதையும் யோசிங்க.

ஓய்வு_ஆய்வகம்_தருமபுரி:

தம்பி, நீங்க சொன்னது நியாயம். ஒளிச்சுப் பேச வேண்டியதில்லை. 33-அ பிரிவுல ஆலையை மூடவோ மின்சாரம், தண்ணி இணைப்பை நிறுத்தவோ உத்தரவு போட வாரியத்துக்கு அதிகாரம் இருக்கு. ஆனா அது கடைசிக் கட்டம். மனு கொடுக்கிறவங்க "ஆலையை மூடு"ன்னு கேட்க வேண்டிய அவசியமே இல்லை. கழிவுநீரை மழைநீர்க் குழாய்ல விடுறதை நிறுத்து, அந்த இணைப்பை அடை, சுத்திகரிப்பு நிலையத்தை ஓட்டுன்னு கேட்டாப் போதும். நான் அந்தம்மாவுக்கும் அதைத்தான் சொல்லுவேன்.

மாங்கூழ்க் கழிவு சுத்தம் பண்ண முடியாத கழிவு இல்லை. சாயப்பட்டறைத் தண்ணி மாதிரி உப்பும் நிறமும் பிடிச்சுக்கிட்டு நிக்காது. சர்க்கரையைத் தின்ன நுண்ணுயிர் தயாரா இருக்கு, அதுக்குத் தொட்டியும் காத்தும் நேரமும் கொடுக்கணும், அவ்வளவுதான். சிக்கல் என்னன்னா, சீசன் ரெண்டு மூணு மாசம். மீதி மாசம் தொட்டி சும்மா கிடக்கும், நுண்ணுயிர் செத்துப் போயிருக்கும். சீசன் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே மாட்டுச்சாணக் கரைசல் ஊத்தி வளர்க்கணும். அதைச் செய்யாம, முதல் லோடு காய் இறங்குன அன்னைக்குத்தான் மோட்டார் சுவிட்சைத் தேடுறாங்க. தொட்டி நிரம்பிடுது, மழையைப் பார்த்துக் காத்திருக்காங்க. தோலும் கொட்டையும் வெளியில மலையா குவிச்சு வெச்சா, மழைத்தண்ணி அதுமேல ஓடி வர்றதும் கழிவுதான். குவியலுக்கு மேல கூரை போடணும், இல்லேன்னா அன்னன்னைக்கே அள்ளணும்.

ஆகவே உங்களை மாதிரி காய் போடுறவங்க ஒண்ணு செய்யலாம். ஏப்ரல்லயே, காய் இறங்குறதுக்கு முன்னாடி, ஆலைகளோட சுத்திகரிப்பு நிலையம் தயாரா இருக்கான்னு பார்க்கச் சொல்லி வாரியத்துக்கு நீங்களே எழுதுங்க. விவசாயிகள் கூட்டத்துல பேசுங்க. அப்ப சீசன் நடுவுல மூடுற நிலைமை வராது. ஓடையை ஒட்டி இருக்கிறவங்களும் காய் போடுறவங்களும் சேர்ந்து கேட்டா, அந்த மனுவுக்கு எடை ஜாஸ்தி.

ஓசூர்_மழைநீர்:

நாங்க ஓசூர் மாநகராட்சிக்குள்ள இருக்கோம். எங்க தெரு மழைநீர் வடிகால்ல ராத்திரி செப்டிக் டேங்க் லாரி கொட்டிட்டுப் போயிட்டிருந்துச்சு. ஐயா சொன்ன மாதிரி நேரம் குறிச்சு, லாரி நம்பரோட படம் எடுத்து, மாநகராட்சி ஆணையருக்கும் போலீஸுக்கும் கொடுத்தோம். நகரத்துல வடிகால் மாநகராட்சியோடது, அதனால முதல் மனு அங்க. தொழிற்சாலைன்னா வாரியம். ரெண்டையும் குழப்பிக்காதீங்க. நெடுஞ்சாலை ஓரத்து வடிகாலா இருந்தா நெடுஞ்சாலைத்துறைக்கும் ஒரு நகல்.

கெலவரப்பள்ளி அணையில நுரை பொங்குறதை டிவியில எல்லாரும் பார்த்திருப்பீங்க. மழை பெஞ்சு மேலேருந்து தண்ணி திறந்தா நுரை ரோடு வரைக்கும் வரும். பெங்களூரு கழிவு கலந்து வர்ற அதே தென்பெண்ணைதான் காவேரிப்பட்டணத்துக்கும் வருது. "மேலேருந்தே அப்படித்தான் வருது, நான் விட்டா என்ன"ன்னு இங்க பல பேர் சொல்றாங்க. அந்தப் பேச்சைக் கேட்டாலே வயிறு எரியுது. ஏற்கனவே நோயாளியா இருக்கிற ஆறு இது.

ஒரு சட்ட வழி சொல்றேன். பொதுத் தொல்லையை அகற்றச் சொல்லி கோட்டாட்சியர்கிட்ட மனு போடலாம். முன்னாடி குற்றவியல் நடைமுறைச் சட்டம் 133-ம் பிரிவு, 2024 ஜூலையிலிருந்து புதுச் சட்டத்துல 152. மத்தியப் பிரதேசத்து ரத்லாம்ல திறந்த சாக்கடையும் சாராய ஆலைக் கழிவும் தெருவுல ஓடுன வழக்குல, 1980-ல உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை வெச்சுத்தான் நகராட்சியை வேலை செய்ய வெச்சது. காசு இல்லைன்னு நகராட்சி சொன்ன சாக்கை நீதிமன்றம் ஏத்துக்கல.

ஓடைக்காடு:

எல்லாருக்கும் நன்றி. போச்சம்பள்ளி அண்ணா, எங்க சித்தப்பா சொன்னதும் அதேதான். ஆலையை மூடச் சொல்லி எழுத மாட்டேன்னு அவர்கிட்டச் சொன்னதும், அவரே கையெழுத்துப் போடுறேன்னு சொல்லிட்டார்.

ஐயா சொன்னதை வெச்சு மனு எழுதியிருக்கேன். சரியான்னு பாருங்க.

"பெறுநர்: மாவட்ட சுற்றுச்சூழல் பொறியாளர், தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம், ஓசூர். பொருள்: தொழிற்சாலைக் கழிவுநீரை மழைநீர் வடிகால் வழியாக ஓடையில் வெளியேற்றுதல். ஐயா, எங்கள் கிராம சர்வே எண்ணில் அடங்கிய ஓடை புறம்போக்கில், மேற்படி ஆலையின் கிழக்கு மதில் சுவரின் அடியில் உள்ள மழைநீர்க் குழாய் வழியாக, மழை பெய்யும் நேரங்களில் மட்டும், பெரும்பாலும் இரவில், கழிவுநீர் வெளியேற்றப்படுகிறது. நாள், நேரக் குறிப்புகளும் படங்களும் இணைத்துள்ளேன். இது 1974-ம் ஆண்டு நீர்ச் சட்டம் பிரிவு 24-க்கு முரணானது. மழை இல்லாத நேரத்தில் ஆய்வு செய்தால் உண்மை நிலை தெரியாது. எனவே மழை பெய்யும் நேரத்தில், முன்னறிவிப்பின்றி ஆய்வு செய்து, குழாயின் வாயிலும் அதற்கு மேலும் கீழும் பிரிவு 21-ன்படி மாதிரி எடுக்கவும், வளாகத்தினுள் கழிவுநீர்க் குழாய் மழைநீர் வடிகாலுடன் இணைக்கப்பட்டுள்ளதா எனச் சோதிக்கவும், அவ்வாறிருப்பின் இணைப்பை அடைத்து, கழிவுநீரைச் சுத்திகரிக்க உத்தரவிடவும் கேட்டுக்கொள்கிறேன்."

கிணத்துத் தண்ணியைப் பத்தியும் எழுதட்டுமா? பக்கத்து ஊர் டீச்சர், "தண்ணியில ஃபுளோரைடு ஜாஸ்தின்னு ரிப்போர்ட் இருக்கு, அதையும் சேர்"னு சொன்னாங்க.

ஓய்வு_ஆய்வகம்_தருமபுரி:

மனு ரொம்ப நல்லா இருக்கும்மா. வளாகத்துக்குள்ள இணைப்பைப் பார்க்கச் சொன்னது எனக்கே தோணல. ரொம்பச் சரி. ஆலைக்கு வாரியம் கொடுக்கிற இசைவாணையில, அதாவது அனுமதியில, மழைநீரும் கழிவுநீரும் தனித்தனியா போகணும்னு பொதுவா நிபந்தனை இருக்கும்.

ஃபுளோரைடை மட்டும் தயவுசெஞ்சு சேர்க்காதீங்க. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடிப் பாறையிலயே ஃபுளோரைடு இருக்கு. பல் மஞ்சளா, பழுப்பா கறை பிடிச்ச பிள்ளைங்களை நம்ம ஊர்ல தலைமுறை தலைமுறையா பார்க்கிறோம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதுக்காகத்தான், 2013-ல தண்ணி வந்துச்சு. மாங்கூழ் ஆலைக்கும் ஃபுளோரைடுக்கும் தொடர்பு இல்லை. அதை மனுவுல போட்டா, ஆலை வக்கீல் அந்த ஒரு வரியைப் பிடிச்சுக்கிட்டு மொத்த மனுவையும் பொய்னு காட்டுவார். நைட்ரேட்டும் அப்படித்தான், உரத்தாலயும் வரும், கழிப்பறைக் குழியாலயும் வரும். கண்ணால பார்த்ததை மட்டும் எழுதுங்க. அதுவே போதும்.

கிணறை மறந்துடாதீங்க, ஆனா அதைத் தனியா செய்யுங்க. குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட ஆய்வகம் இருக்கு, கட்டணம் கட்டினா பொதுமக்கள் தண்ணியையும் பார்த்துக் கொடுப்பாங்க. சீசன் நடக்கும்போது ஒரு தடவை, சீசன் முடிஞ்சு ஓடை காய்ஞ்ச பின்னாடி ஒரு தடவை. ஓடைக்குத் தள்ளி இருக்கிற வேற கிணத்துத் தண்ணியையும் கூடவே கொடுங்க. அந்த வித்தியாசம்தான் பேசும். அதுவரைக்கும் அந்தக் கிணத்துத் தண்ணியை யாரும் குடிக்க வேண்டாம்.

ஓடைக்காடு:

தபால் போய்ச் சேர்ந்து ஒப்புகை வந்த பின்னாடி, ஒரு மழை ராத்திரி குழாய்ல நிறம் மாறுனதும் வாரிய அலுவலகத்துக்கு வீடியோ அனுப்பினேன். மறுநாள் காலையில தூறல் நிக்கிறதுக்குள்ள அதிகாரிங்க வந்துட்டாங்க. குழாய் வாயில மாதிரி எடுத்து, ஆலை மேனேஜர் முன்னாடி சீல் வெச்சாங்க. நானும் சித்தப்பாவும் கரையில நின்னு பார்த்தோம். எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. யாரோ ஒருத்தர் வந்து அந்தத் தண்ணியை நிஜமாவே பார்த்தாங்கல்ல.

இப்ப முடிவு எப்படித் தெரிஞ்சுக்கிறது? கேட்டா சொல்லுவாங்களா? நெடுங்கல் பக்கம் ஆத்துப் பாசனத்துல இருக்கிறவங்களும் கையெழுத்துப் போடுறோம்னு சொல்றாங்க, அவங்களும் சேரலாமா?

ஓய்வு_ஆய்வகம்_தருமபுரி:

ரொம்ப சந்தோஷம்மா. சேரலாம், ஆனா உங்க மனுவுல பேர் சேர்க்கிறதை விட அவங்க தனித்தனியா எழுதட்டும். அவங்க வாய்க்கால்ல என்னைக்கு, என்ன பார்த்தாங்களோ அது மட்டும். நெடுங்கல் அணைக்கட்டுலேருந்து பாரூர் ஏரிக்குத் தண்ணி போகுது, அந்த ஆயக்கட்டுக்காரங்களுக்கும் இதுல உரிமை இருக்கு.

முடிவுக்கு ரெண்டு வழி. தகவல் உரிமைச் சட்டத்துல வாரிய அலுவலகத்தோட பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்க. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டினாப் போதும். கேட்க வேண்டியது: ஆய்வு அறிக்கையின் நகல், மாதிரியின் பகுப்பாய்வு அறிக்கை, ஆலைக்குக் கொடுத்த இசைவாணையும் அதன் நிபந்தனைகளும், ஆலைக்கு அனுப்பிய நோட்டீஸ். "ஏன் நடவடிக்கை எடுக்கல"ன்னு கேள்வியா கேட்காதீங்க, அது தகவல் இல்லைன்னு தள்ளிடுவாங்க. காகிதத்தைக் கேளுங்க. 30 நாள்ல பதில் வரணும், வரலைன்னா மேல்முறையீடு. இன்னொண்ணு பல பேருக்குத் தெரியாது: நீர்ச் சட்டம் 25-ம் பிரிவு, 6-வது உட்பிரிவு. இசைவாணை நிபந்தனைகளைப் பதிவேட்டுல வாரியம் வெச்சிருக்கணும், அந்த வெளியேற்றத்தால பாதிக்கப்பட்ட யாரும் அலுவலக நேரத்துல போயி அதைப் பார்க்கலாம். நீங்க பாதிக்கப்பட்டவங்க. சித்தப்பாவைக் கூட்டிக்கிட்டு ஓசூர் போயி, இந்தப் பிரிவைச் சொல்லிக் கேளுங்க.

இவ்வளவுக்கும் அப்புறம் ஓடையில திரும்ப அதே தண்ணி வந்தா, சென்னையில பசுமைத் தீர்ப்பாயத்தோட தென்மண்டல அமர்வு இருக்கு. பிரச்னை முதல்ல எழுந்ததுலேருந்து ஆறு மாசத்துக்குள்ள போகணும்னு ஒரு கெடு இருக்கு, அதனால உங்க முதல் மனு நகலையும் அந்த நோட்டையும் பத்திரமா வையுங்க. இழப்பீடு கேட்கிறதுக்கு ஐந்து வருஷம் வரைக்கும் கெடு. வக்கீல் இல்லாம நீங்களே நேர்ல வாதாடலாம். வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலை வழக்குல, பாலாறு கெட்டுப் போனதுக்காக 1996-லயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு: மாசு பண்ணினவங்கதான் கெட்டதைச் சரி செய்யுற செலவையும் பாதிக்கப்பட்டவங்க நட்டத்தையும் ஏத்துக்கணும்னு. உங்க கிணத்து ஆய்வு ரெண்டு தடவை எடுத்து வைக்கச் சொன்னது அதுக்குத்தான்.

பகுப்பாய்வு அறிக்கை கைக்கு வந்ததும் பிஎச், பிஓடி, சிஓடி (ரசாயன முறையில அளக்கிற ஆக்சிஜன் கணக்கு) மூணு எண்ணையும் இங்க போடுங்க. மாதிரி எடுத்த தேதியும் ஆய்வு ஆரம்பிச்ச தேதியும் அதுலயே இருக்கும், அதையும் சேர்த்துப் போடுங்க.